பூஸ்டர் இருக்கை

பூஸ்டர் இருக்கை என்பது மகிழுந்தின் இருக்கை வார் சிறுவர் உடலில் சரியான இடத்தில் பதியும்படி அவர்களை உயர்த்தி அமர்த்தும் துணை இருக்கை. முதுகுச் சாய்வுள்ளது, இல்லாதது என இருவகை. தலைக்கும் பக்கவாட்டுக்கும் காப்பளிப்பதால் முன்னதே மேல். வார் கழுத்தில் ஏறாமல் தோளின் நடுவிலும், கீழே இடுப்பெலும்பிலும் படிய வேண்டும். வயிற்றில் படிந்தால் மோதலின்போது உள்ளுறுப்புகள் சிதையக்கூடும். ஐ.நா. 44ஆம் விதி எடையையும் (15–36 கிலோ), 129ஆம் விதி உயரத்தையும் கொண்டு இவ்விருக்கைகளை வகைப்படுத்துகின்றன. வயதை மட்டும் பார்த்து வாங்குவது பிழை.

மலேசியாவில் தனியார் மகிழுந்துகளில் சிறுவர் பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். கோலா குபு பாருவிலிருந்து பிரேசர் மலை நோக்கி ஏறும் 55ஆம் கூட்டரசுச் சாலை போன்ற வளைவுப் பாதைகளில், உறங்கிச் சாயும் குழந்தை வாரிலிருந்து நழுவாமல் தாங்குவது முதுகுச் சாய்வின் பக்கத் தடுப்பே. இடுப்பு வார் மட்டுமுள்ள நடு இருக்கையில் பூஸ்டர் இருக்கையைப் பயன்படுத்தலாகாது.