எழுத்தில் விடுபட்ட தொனி: ஆப்பிரிக்கத் தாய்மொழிகளில் ஒலிவடிவத் திருமறை

ஆப்பிரிக்கத் திருச்சபையின் வரலாற்றை எழுதியோர் மொழிபெயர்ப்பாளருக்கும் அச்சுக்கூடத்திற்கும் உரிய இடத்தை அளித்துள்ளனர். ஒலிப்பதிவுக் கருவிக்கோ ஓரிரு வரிகளே கிடைக்கின்றன. படிப்பறியாதார்க்கு உதவும் சாதனம் என்ற அளவிலேயே அதனை அவர்கள் மதிப்பிட்டதே இதற்குக் காரணம் எனலாம். கானா நாட்டின் துவி மொழியை நோக்குவோமாயின் இம்மதிப்பீடு போதாது என்பது விளங்கும்.

பாசல் மிஷனைச் சேர்ந்த யோகான்னஸ் கிறிஸ்தாலர் 1853இல் அந்நாட்டிற்குச் சென்றார். டேவிட் அசாந்தே முதலிய ஆப்பிரிக்கத் துணைவரோடு அவர் உழைத்ததன் பயனாக, 1871இல் துவித் திருமறை முழுமையாக வெளிவந்தது. துவி தொனிமொழியாகும். நம் தமிழில் குரலை உயர்த்துவதாலோ தாழ்த்துவதாலோ ஒரு சொல் வேறு சொல்லாகி விடுவதில்லை, அங்கு ஆகிவிடும். ஒரே எழுத்துகளால் எழுதப்படும் 'பாபா' என்பது, குரல் ஏறி இறங்கும் முறைக்கேற்ப, 'நல்லது' என்றும் 'தந்தை' என்றும் 'ஓலை விசிறி' என்றும் பொருள்படும். 'நிற்கிறான்' என்னும் நிலையையும் 'நிற்பது அவன் வழக்கம்' என்பதையும் தொனியே பிரித்துக் காட்டுகிறது. வேத வியாக்கியானம் செய்வோர்க்கு இது சிறிய வேறுபாடன்று. கிறிஸ்தாலர் இதனை நன்கறிந்தவர். 1875இல் வெளியிட்ட இலக்கணத்தில் தொனியை ஆராய்ந்தார். 1881இன் அகராதியில் குறியிட்டும் காட்டினார். ஆயினும் மக்கள் வழங்கும் துவி எழுத்தில் தொனிக்குறிகள் இடம்பெறவில்லை. தாய்மொழியாளர் இடம் நோக்கிப் பொருளை உணர்ந்துகொள்வர் என்பது மெய்யே. எனினும் உரக்க வாசிப்பவர் ஒவ்வொரு வரியிலும் எழுத்தில் இல்லாத ஒன்றைத் தாமே தீர்மானித்தாக வேண்டும். ஒலிப்பதிவோ அத்தீர்மானத்தை நிலைபெறச் செய்கிறது. ஆகவே அதனை இரண்டாம் மொழிபெயர்ப்பு என்றே கருதுகிறோம்.

அங்ஙனமாயின், பேசும் குரல் யாருடையது என்பது முதன்மையான வினாவாகும். ஹொண்டுராஸில் பணியாற்றி நோயுற்றுத் திரும்பிய ஜாய் ரிடர்ஹாஃப் அம்மையார் 1939இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய நற்செய்தி ஒலிப்பதிவுப் பணி பின்னர் ஆப்பிரிக்காவிலும் பரவியது. பதிவு செய்யச் சென்றவர்கள் பெரும்பாலும் அம்மொழியை அறியாதவர்கள். இருமொழி அறிந்த ஒருவரைக்கொண்டு வாக்கியம் வாக்கியமாகச் சொல்வித்து, பின்னர் ஒட்டிச் சேர்த்தனர். எழுத்தே இல்லாத மொழிகளையும் இம்முறை எட்டியது. அதன் பெருமையை மறுக்க இயலாது. ஆனால், தான் வெளியிடும் சொல்லைத் தானே புரிந்துகொள்ளாத ஊழியம் இடைநின்றவரின் நேர்மையையே முற்றும் சார்ந்திருந்தது. நம் மாணவர்கள் இதனை ஆழ்ந்து எண்ண வேண்டும்.

1972இல் ஹொசானா என்னும் பெயரில் அமெரிக்காவில் தோன்றி, பின்னர் ரோமர் 10ஆம் அதிகாரத்துச் சொல்லையே பெயராகக் கொண்ட இயக்கமும், அக்ராவிலுள்ள தியோவிஷன் நிறுவனமும் அச்சிட்ட மொழிபெயர்ப்பையே அடிப்படையாகக் கொண்டு, தாய்மொழியாளர் பலரின் குரல்களில் பதிவு செய்தன. இங்கும் சிக்கல் உண்டு. கிறிஸ்தாலரின் திருமறை அக்குவாப்பெம் வழக்கில் அமைந்தது; ஃபாந்தே வழக்கில் 1948இலும் அசாந்தே வழக்கில் 1964இலும் தனித்தனித் திருமறைகள் வெளிவந்தன. அச்சிட்ட ஏட்டை அவரவர் தம் ஊர்க் குரலில் வாசித்துக்கொள்ளலாம். பதிவு செய்த குரலுக்கோ ஓர் ஊர் உண்டு.

கருவி எதிர்த்திசையிலும் பயன்பட்டதைச் சொல்லாமல் விடலாகாது. குவாஹு பகுதியைச் சேர்ந்த அஃபுவா குமா என்னும் மூதாட்டி எழுதப் படிக்க அறியாதவர், பயிர்த்தொழில் செய்தவர், மருத்துவச்சி. துவி மொழியில் அரசர்க்குரிய புகழுரை மரபில், அடர்ந்த காட்டிலும் மக்களைக் காக்கும் தலைவராக இயேசுவைப் போற்றி அவர் எழுப்பிய மன்றாட்டுகள் ஒலிநாடாவில் பதிவாயின. 1981இல் அவை ஆங்கிலத்திலும் நூலாக வெளிவந்தன. குவாமே பெடியாக்கோ போன்ற இறையியலாளர் அதனை ஆப்பிரிக்கக் கிறிஸ்தியலின் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகக் கொண்டனர். அஃபுவா குமாவால் அந்நூலை வாசிக்க இயலவில்லை. நாடாவில் தம் குரலைக் கேட்க இயன்றது.