அம்மாவின் கத்தியும் ராகுவின் நிழலும்



சூரியன், சந்திரன், கிரகங்கள் பற்றிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் தலைமுறைகள் மாறினாலும் மாறுவதில்லை. மொனராகலைப் பகுதித் தோட்டப் பாடசாலைகளில் நான் படிப்பித்த காலம் முழுவதும் அதே கேள்விகள்தாம். "சேர், சூரியனையே மறைக்கிற அளவுக்குச் சந்திரன் பெரிசா?" "அமாவாசை மாசா மாசம் வருது, கிரகணம் மட்டும் ஏன் வரமாட்டேங்குது?" "பஞ்சாங்கக்காரருக்கு அது எப்படி முன்னாடியே தெரியுது?"

விளையாட்டாகக் கேட்கப்படும் இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் தெரியாமற் போனதற்கு எங்கள் வீட்டில் ஒரு பெண் வாழ்நாள் முழுவதும் விலை கொடுத்தாள். அவள் என் அம்மா.

1955 ஜூன் 20, திங்கட்கிழமை. அன்று காலை இலங்கையில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் மிக நீண்ட முழுக் கிரகணம் அதுதான். அது உச்சமடைந்த கிழக்குக் கடற்பகுதியில் சூரியன் 7 நிமிடம் 8 விநாடி முழுதாக மறைந்திருந்தது. பொலன்னறுவை, ஹிங்குராக்கொடைப் பக்கங்களில் வெளிநாட்டு விஞ்ஞானிகள் கருவிகளோடு வந்து காத்திருந்தார்கள். மேகம் அவர்களில் பலரை ஏமாற்றிவிட்டது. அந்த நாட்களில் நாடெங்கும் ஒரு வதந்தியும் உலாவியது. கிரகண வேளையில் வசம்பு மருந்து குடித்தால் மேனி வெளுத்து அழகு கூடும் என்பதே அது. சிங்கள மக்கள் அதை 'வத கஹ சுதிய' என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். குடித்தவர்களுக்கு அழகு கூடவில்லை, வயிற்றோட்டந்தான் கண்டது.

எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. விடிவெள்ளி மறையுமுன் வழக்கம்போல் பெரட்டு நடந்தது. கிரகணம் என்று எவருக்கும் லீவு கிடைக்கவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருந்த அம்மா பால் வெட்டும் கத்தியோடு மலைக்குப் போனார். மரத்துக்கு மரம் பட்டையைச் சீவிக்கொண்டிருந்தபோதே காலை வெளிச்சம் மங்கியது. அந்த ஆண்டு கார்த்திகையில் என் அண்ணன் பிறந்தார். மேலுதடு பிளந்திருந்தது.

"கிரகணத்துல கத்தி பிடிச்சியேடி!" என்றார் அப்பாயி. அந்த ஒரு வாக்கியம் லயம் முழுவதும் பரவிற்று. அண்ணனை ஆஸ்பத்திரியில் தைத்துச் சரிசெய்த பிறகும் 'ராகு கடிச்ச பய' என்ற பெயர் போகவில்லை. 1958இல் பிறந்த நான், அண்ணனின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா தன் வலது கையைச் சேலைக்குள் மறைப்பதைக் கண்டே வளர்ந்தேன்.

இனி அந்தக் கேள்விகளுக்கு வருவோம். சூரியனின் விட்டம் சந்திரனுடையதைப் போல ஏறத்தாழ 400 மடங்கு. ஆனால் அது நம்மிடமிருந்து இருக்கும் தூரமும் சந்திரனைப்போல ஏறத்தாழ 400 மடங்கு. ஆகவேதான் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிகின்றன. சந்திரனின் பாதை சூரியனின் பாதைக்கு 5 பாகை அளவு சாய்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலான அமாவாசைகளில் சந்திரன் சூரியனுக்கு மேலாகவோ கீழாகவோ ஒதுங்கிப் போய்விடுகிறது. இரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளுக்கு அருகே அமாவாசை வாய்த்தால் மட்டுமே சூரிய கிரகணம். அந்தப் புள்ளிகளுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்கள்தாம் ராகு, கேது.

சந்திரன் சூரியனை மறைக்கிறது, பூமியின் நிழல் சந்திரனை மறைக்கிறது என்று ஆரியபட்டர் கி.பி. 499ஐ ஒட்டிய காலத்திலேயே எழுதிவிட்டார். பஞ்சாங்கம் கணித்தவர்கள் பாம்பை நம்பிக் கணக்குப் போடவில்லை என்பதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்லலாம்.

முதலாவது புதுச்சேரியில் நடந்தது. தமிழ்நாட்டு நாட்காட்டிக் கணிதத்தை ஆராய்ந்த ஜோன் வாரன், தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைச் சந்தித்தார். அவர் தாளும் எழுதுகோலும் இன்றி, தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்ப்பாடுகளைக் கொண்டு 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம் மட்டுமே. நடுநேரத்தில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிசகியது. பிசகு இருந்தது உண்மை. ஆனால் சோழியை எண்ணி வானத்தின் நிழலைப் பிடித்த அந்த ஞாபகசக்தியை என்னவென்பது!

மற்றது நம் நாட்டில், யாழ்ப்பாணத்தில் நடந்தது. வட்டுக்கோட்டை செமினரியை நடத்திய அமெரிக்க மிஷனரி டானியல் பூவர், 1829 மார்ச் 20 இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்துக்கு அராலி விசுவநாத சாஸ்திரியார் கணித்திருந்த நேரமும் மறைவளவும் பிழை என்று முன்கூட்டியே அறிவித்தார். சாஸ்திரியாரோ தலைமுறை தலைமுறையாகப் பஞ்சாங்கம் கணித்துவந்த குடும்பத்தவர். அன்றிரவு வானம் பூவரின் கணக்கையே உறுதிப்படுத்தியது. இதை மதங்களுக்கிடையே வந்த வெற்றி தோல்வியாகவே பலரும் எழுதினர். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இருவரும் கணக்கையே நம்பினர். இருவரும் வானத்தையே நடுவராக ஏற்றனர். பின்னர், 1848இல், அதே யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் அச்சகம் ஹொய்சிங்டன் என்ற மிஷனரி பதிப்பித்த இந்து வானசாஸ்திர நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டது.

ஆக, பஞ்சாங்கத்துக்குள் கணக்கும் இருந்தது, அதைச் சுற்றிக் கதையும் இருந்தது. கங்காணிமாரோடு கடல் கடந்து மலையேறிய எம் மூதாதையரின் மூட்டையில் கதை வந்து சேர்ந்தது. கணக்கு, கற்றவர் வீட்டுத் திண்ணையிலேயே தங்கிவிட்டது. எழுத்தறிவு எட்டாத லயத்தில் எஞ்சியது அச்சம் மட்டுந்தான்.

நானும் ஆசிரியனாகிப் பல வருடம் கிரகணப் பாடம் நடத்தினேனே தவிர, அம்மாவுக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. 1991இல் பாடசாலைக்கு வந்த மருத்துவ மாது ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: குழந்தையின் உதடு கர்ப்பத்தின் நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையிலேயே உருவாகிவிடுகிறது. பிளவுக்குப் பரம்பரை முதலாய பல காரணங்கள் உண்டு. பல குழந்தைகளில் காரணம் இன்னதென்று பிடிபடுவதே இல்லை.

அன்றிரவு நான் விரல்விட்டு எண்ணினேன். கார்த்திகையில் பிறந்த பிள்ளை மாசியில் கருவுற்றிருக்க வேண்டும். உதடு அமைந்து முடிந்தது சித்திரையில். கிரகணமோ ஆனியில். சூரியன் மறைவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்னரே அண்ணனின் உதடு பிளந்துதான் இருந்தது. அம்மா கத்தியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் அது அப்படியேதான் இருந்திருக்கும்.

விரல்விட்டு எண்ணக்கூடிய கணக்கு! அதைச் சொல்ல நான் நான்கு வருடம் பிந்திவிட்டேன். அம்மா 1987இலேயே போய்விட்டார்.

2019 டிசம்பர் 26 அன்று மறுபடி ஒரு சூரிய கிரகணம் வந்தது. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சூரியன் வளையமாகத் தெரிந்தது, எங்களுக்குப் பகுதியாக. அண்ணனின் மருமகள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. கதவையும் சன்னலையும் சாத்தி, தண்ணீர் கூடக் கொடுக்காமல் அவளை உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். வெளியே குந்தியிருந்த அண்ணன் எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

"புள்ளைக்குத் தண்ணி குடுங்க. வெளிய வந்து உக்காரட்டும். சூரியன வெறுங்கண்ணால பாக்காம இருந்தாப் போதும், அது எல்லாருக்குமே ஆகாது" என்றார்.

வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. தழும்பேறிய அந்த உதட்டிலிருந்து வந்த சொல்லுக்கு எதிர்ச்சொல் எங்கே இருக்கிறது? பிள்ளை எப்படிப் பிறந்தாலும் தாயை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்பதையும் அன்றே சொல்லி வைத்தார்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை வானத்தைக் காட்டி ஏன் என்று கேட்டால், "சும்மா இரு" என்று அடக்கிவிடாதீர்கள். அந்தக் கேள்விக்குரிய பதிலுக்காக எந்த வீட்டில் எந்தத் தாய் கையை மறைத்துக்கொண்டு காத்திருக்கிறாளோ, யார் கண்டார்?