கட்டக்கோடும் பெயர்ப்பட்டையும்: கட்சாலின் இரு கணக்கெடுப்புகள்

வரைபடத்தின் பின்னணியில் ஓடும் கட்டக்கோடுகளும், ஒவ்வொரு சட்டகத்தின் மேலும் அமையும் பெயர்ப்பட்டையும் ஒப்பனை என்றே பலராலும் கருதப்படுகின்றன. நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றான கட்சாலின் மக்கள்தொகை அக்கருத்தை மறுக்கிறது.

2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கட்சாலில் வாழ்ந்தோர் 5,312 பேர். 2011இல் 2,685 பேர். இடையில் நிகழ்ந்தது 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை. அதே பத்தாண்டில் கார் நிக்கோபாரின் மக்கள்தொகை 20,292இலிருந்து 17,841ஆகக் குறைந்தது. இரு தீவுகளையும் அடுத்தடுத்த சட்டகங்களில் ஒரே சாதாரண அளவுகோலில் வரைந்தால், இரு கோடுகளும் ஏறத்தாழ ஒரே உயரமே இறங்கும்; குறைந்த எண்ணிக்கை முன்னதில் 2,627, பின்னதில் 2,451. ஒரு தீவு பாதியானதும், மற்றொன்று எட்டில் ஒரு பங்களவு குறைந்ததும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். இரண்டை அடியாகக் கொண்ட மடக்கை அளவுகோலில், எண்ணிக்கை இருமடங்காகும் இடந்தோறும் ஒரு கட்டக்கோடு இட்டால் காட்சி மாறிவிடும். கட்சாலின் கோடு ஏறத்தாழ ஒரு கட்டம் முழுவதும் இறங்கும். கார் நிக்கோபாரின் கோடு கட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இறங்காது.

1786இல் வில்லியம் பிளேஃபேர் வெளியிட்ட வரைபடங்களில் கோடுகளின் இடத்தை வரைபவரே தீர்மானித்தார். கணினி வந்தபின் அத்தீர்மானம் பெரும்பாலும் மென்பொருளின் இயல்பமைப்புக்குச் சென்றது. 1990களில் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்டு பெக்கர், வில்லியம் கிளீவ்லண்ட் முதலியோர் 'டிரெல்லிஸ்' என்னும் பல்சட்டக முறையை உருவாக்கினர். அதனை 'ஆர்' மொழியில் 'லாட்டிஸ்' என்னும் தொகுப்பாகச் செயற்படுத்தியவர் தில்லி இந்தியப் புள்ளியியல் கழகத்தைச் சேர்ந்த தீபாயன் சர்க்கார். அவரது நூல் 2008இல் வெளிவந்தது. அதில் சட்டகத்தினுள் வரைவது ஒரு சார்பு. பெயர்ப்பட்டையை எழுதுவது வேறொரு சார்பு. இரண்டையும் பயனர் தம் தேவைக்கேற்ப மாற்றி எழுதலாம்.

பெயர்ப்பட்டையின் கனத்தை மின்னசோட்டா வாற்கோதுமைத் தரவு உணர்த்தும். ஆறு இடங்கள், பத்து வகைகள், 1931, 1932 என இரு ஆண்டுகள். ஐந்து இடங்களில் 1931இன் விளைச்சலே மிகுதி. மோரிஸில் மட்டும் அது தலைகீழ். சட்டகங்களாகப் பிரித்து வரைந்த கிளீவ்லண்ட், அங்கு ஆண்டுப் பெயர்கள் இடம் மாறியிருக்க வேண்டும் என 1993இல் வாதிட்டார். 2013இல் கெவின் ரைட், பிற ஆண்டுகளின் தரவையும் சேர்த்து ஆராய்ந்து, அது இயல்பான வேறுபாடாகவே இருக்கலாம் என மறுத்தார். வழக்கு முழுவதும் இரண்டு பெயர்களைப் பற்றியதே.

'கட்சால்' என்ற ஒற்றைப் பெயர்ப்பட்டையும் அத்தகையதே. அதன்கீழ் நிக்கோபாரிய ஊர்களும் அடங்கும். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தையொட்டி இலங்கையிலிருந்து வந்து ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தமிழரும் அடங்குவர். எந்த மக்கள் எவ்வளவு குறைந்தனர் என்பதை 2,685 என்னும் கூட்டுத்தொகை சொல்லாது. ஊர்வாரித் தரவைக் கொண்டு சட்டகத்தைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய பெயரை இடுவதே ஆய்வாளர் செய்ய வேண்டிய முதற்பணி.