பணம் ஆளைத் தேடி வந்த கதை

ஒரு இளம் விஞ்ஞானி. வயது முப்பது. முனைவர் பட்டம் வாங்கியாகி விட்டது. தலையில் புதிய யோசனை இருக்கிறது, கையில் பணம் இல்லை. என்ன செய்வார்? 2007-க்கு முன் ஐரோப்பாவில் இப்படிப்பட்ட பலர் மூத்த பேராசிரியர் ஒருவரின் ஆய்வகத்தில் அவர் சொன்னதைச் செய்தார்கள். அல்லது அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார்கள்.

ஐரோப்பா ஆராய்ச்சிக்குப் பணமே ஒதுக்கவில்லையா? ஒதுக்கியது. 1984-ல் முதல் கட்டமைப்புத் திட்டம் தொடங்கியது. ஆனால் அமெரிக்கா, ஜப்பானோடு தொழில்துறையில் போட்டி போடுவதுதான் அதன் நோக்கம். பல நாட்டு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் கூட்டாக விண்ணப்பித்தால்தான் பெரும்பாலான பணம் கிடைக்கும். 1990-களில் மேரி கியூரி பெயரில் வந்த உதவித்தொகை இளைஞர்களை வேறு நாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பியது. நல்ல விஷயம்தான். ஆனால் அங்கும் ஆய்வகம் இன்னொருவருடையது!

2007 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் பிறந்தது. முதல் தலைவர் கிரேக்க உயிரியலாளர் ஃபோடிஸ் கஃபாடோஸ். ஏழு ஆண்டுகளுக்கு 750 கோடி யூரோ. நாட்டுக்கு இத்தனை என்ற ஒதுக்கீடு கிடையாது. யோசனை தரமானதா என்பது ஒன்றே கேள்வி.

மன்றத்தின் முதல் அழைப்பே இளம் விஞ்ஞானிகளுக்குத்தான். விண்ணப்பித்தவர்கள் 9,167 பேர்! கிடைத்தது சுமார் 300 பேருக்கு. நூற்றுக்கு மூன்று பேர். எவ்வளவு பேர் காத்துக் கிடந்தார்கள் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இதில் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. மானியம் பெற்றவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் பணத்தையும் கூடவே கொண்டு போகலாம். அதுவரை இளைஞர்தான் பல்கலைக்கழகத்தின் வாசலில் நின்றார். இப்போது பல்கலைக்கழகங்கள் அவரைக் கூப்பிட ஆரம்பித்தன. பேரம் பேசும் பலம் கை மாறியது.

அந்த முதல் பட்டியலில் ஒருவர் கான்ஸ்டன்டின் நோவோசெலோவ். ரஷ்யாவில் பிறந்து, நெதர்லாந்தில் முனைவர் பட்டம் பெற்று, இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆராய்ச்சி செய்தவர். 2010-ல், 36 வயதில், கிராஃபீன் ஆய்வுக்காக ஆந்த்ரே கைமுடன் நோபல் பரிசு பெற்றார். அந்த ஆய்வு 2004-லேயே வெளியானது, எனவே பரிசை மானியத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் சரியான ஆளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லலாம்.

இந்தப் பணத்துக்கும் ஒரு வேலி இருந்தது. எந்த நாட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் ஆராய்ச்சி ஐரோப்பிய ஒன்றியத்திலோ அதோடு ஒப்பந்தம் செய்த நாட்டிலோ நடக்க வேண்டும். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின் அந்த ஒப்பந்தம் இழுபறியானது. 2022-ல் பிரிட்டனில் இருந்த வெற்றியாளர்களிடம், "ஒன்றிய நாட்டுக்கு இடம் மாறுங்கள், அல்லது மானியத்தை விடுங்கள்" என்று சொல்லப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மானியத்தை இழந்தார்கள். பிரிட்டன் அரசு மாற்று நிதி தந்தது, ஆனால் மன்றத்தின் மானியம் என்ற பெயர் கிடைக்கவில்லை.

2024 ஜனவரியில் பிரிட்டன் மீண்டும் சேர்ந்தது. நூற்றுக்கு ஒரு சிலருக்கே கிடைக்கும் வாய்ப்பைத் திறமையால் வென்று, அரசியலால் இழந்தவர்களுக்கு அது தாமதமான செய்திதான்.