இரட்டைக் காவல், இரட்டைத் தலைமை

ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியாவின் சரிவுக்கு 1976 மாண்ட்ரியலில் வந்த செயற்கைப் புல்தரையையே பலரும் காரணம் காட்டுவர். நான் எட்டாண்டுகள் முன்னே செல்வேன்.

அக்கால அணியில் முன்கள வீரர் ஐவர், நடுக்கள வீரர் மூவர், கோல்காப்பாளருக்கு முன்னே ‘புல்பேக்’ எனப்படும் பின்கள வீரர் இருவர். ஒருவர் பந்தைப் பறிக்க முன்னேறினால், மற்றவர் பின்தங்கி வழியை அடைக்க வேண்டும். ஆகவே இவர்களைத் தனித்தனியே எடைபோடுவதில் பயனில்லை. இணையாகவே மதிப்பிட வேண்டும்.

1964 டோக்கியோவில் தங்கம் வென்ற அணியில் பிருதிபால் சிங், குர்பக்ஸ் சிங் இருவரும் இருந்தனர். பாகிஸ்தானுக்கு எதிரான இறுதியாட்டத்தில் பெனால்டி கார்னரில் பிருதிபால் அடித்த பந்து முனீர் தாரின் காலில் பட்டது. அதனால் கிடைத்த பெனால்டியை மொகிந்தர் லால் கோலாக்க, இந்தியா 1-0 என வென்றது.

1968 மெக்சிகோவுக்கு இவ்விருவரையுமே கூட்டுத் தலைவர்களாக்கி அனுப்பினர். தமிழகத்தின் வி.ஜே. பீட்டரும் கிருஷ்ணமூர்த்தி பெருமாளும் அந்த அணியில் ஆடினர். அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 1-2 எனத் தோல்வி. 1928 முதல் 1964 வரை தங்கமோ வெள்ளியோ தவறாத நாடு, முதன்முறையாக வெண்கலத்துடன் திரும்பியது.

தோல்விக்கு இது ஒன்றே காரணமன்று, ஆஸ்திரேலியாவும் வளர்ந்திருந்தது. ஆயினும் களத்தில் யார் முன்னேறுவது, யார் காப்பது என்பதைப் பந்தே தீர்மானித்துவிடும். தலைமையில் அதைத் தீர்மானிப்பவர் யார்? அந்தக் கேள்விக்கு விடை கூறாமல் அணியை அனுப்பியவர்கள்மீதே என் குறை, ஆடிய இருவர்மீதன்று.