‘ஆம்’ என்றவனும் ‘இல்லை’ என்றவனும்: நாடகக் கல்வி வரலாற்றில் ஒரு நொய்கெல்ன் பள்ளி

பேர்லினின் நாடகக் கல்வி பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1905இல் தொடங்குவர். மாக்ஸ் ரைன்ஹார்ட் தமது டொய்ச்சஸ் தியேட்டருடன் இணைந்த நடிப்புப் பள்ளியைத் திறந்த ஆண்டு அது. 1951இல் கிழக்கு பேர்லினில் அரசு நடிப்புப் பள்ளியாகி, 1981இல் நடிகர் எர்ன்ஸ்ட் புஷ் பெயரில் உயர்கல்லூரியாக உயர்ந்து, 2018இல் மிட்டே பகுதியில் புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது அதே நிறுவனந்தான். அதற்கு இணையாக இன்னொரு தடமும் உண்டு. பேர்லின் பல்கலைக்கழகத்தில் மாக்ஸ் ஹெர்மன் 1923இல் அரங்கியல் நிறுவனத்தைத் தொடங்கினார். நாடகம் இலக்கியத்தின் ஒரு கிளை அல்ல, பார்வையாளரும் பங்குகொள்ளும் நிகழ்வு என்பது அவரது வாதம்.

இந்த இரு தடங்களிலும் பேர்லினின் நொய்கெல்ன் பகுதி தென்படாது. அதைச் சேர்க்காமல் இவ்வரலாறு முழுமையாகாது என்பதே என் கருத்து. நாடகம் பயில்பவன் தன் கையிலுள்ள பனுவலை மாற்றச் சொல்லலாமா என்ற கேள்விக்கு நடைமுறையில் விடை கிடைத்தது அங்கேதான்.

பேச்சுப் பயிற்சியின் வரலாற்றைப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். 1898இல் நாடக நெறியாளரும் மொழியறிஞரும் பேர்லினில் கூடி, மேடைக்கென ஒரே சீரான உச்சரிப்பை வகுத்தனர். அதைத் தியோடர் சீப்ஸ் நூலாக்கினார். காலப்போக்கில் அந்த மேடை உச்சரிப்பே பொதுப் பேச்சுக்கும் அளவுகோலாயிற்று. நடிக்க வருபவன் தன் ஊர்ப்பேச்சைக் கழற்றி வைக்க வேண்டும், ஆசிரியர் சொன்னபடி ஒலிக்க வேண்டும். 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய பாலர் நாடக சபையிலும் பாடமும் பாட்டும் மனப்பாடமாகவே இறங்கின. குரல் மாணவனுடையது, சொல் வாத்தியாருடையது.

நொய்கெல்ன் அப்போது தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. 1912 வரை அதன் பெயர் ரிக்ஸ்டோர்ஃப். 1920இல் பேர்லினோடு இணைந்தது. அடுத்த ஆண்டிலேயே குர்ட் லோவென்ஸ்டைன் அங்கு கல்விப் பொறுப்பை ஏற்றார். ஃபிரிட்ஸ் கார்சன் அங்கே கைசர் பெயர் தாங்கிய ஓர் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியரானார். தொழிலாளர்கள் பல்கலைக்கழகத்தில் புகுவதற்கான தேர்வு வகுப்புகளை 1923இல் தொடங்கியவர் கார்சன். கைசர் பெயர் போய் 1930 வாக்கில் அது கார்ல் மார்க்ஸ் பள்ளியாயிற்று. ஒரே பள்ளியின் வாசலில் மன்னரும் மார்க்ஸும் அடுத்தடுத்து!

1930 ஜூன் 23 அன்று பெர்டோல்ட் பிரெக்டும் இசையமைப்பாளர் குர்ட் வைலும் ஆக்கிய ‘ஆம் சொல்பவன்’ என்ற பள்ளி இசைநாடகம் பேர்லினில் அரங்கேறியது. யப்பானிய நோ நாடகம் ஒன்றின் தழுவல் அது. ஆசிரியரோடு மலைப்பயணம் செல்லும் சிறுவன் வழியில் நோயுறுகிறான். அப்படி நோயுற்றவனைப் பள்ளத்தாக்கில் எறிந்துவிட்டு மற்றவர்கள் பயணத்தைத் தொடர்வது வழக்கம். அவனிடம் சம்மதம் கேட்பதும், அவன் ‘ஆம்’ என்பதும் அதே வழக்கத்தின் பகுதி. அவன் ஆம் என்கிறான், எறியப்படுகிறான்.

இந்நாடகத்தை நொய்கெல்னின் அந்தக் கார்ல் மார்க்ஸ் பள்ளியில் பல வயது மாணவர் விவாதித்தனர். எல்லோரும் அவனோடு திரும்பிவிட்டால் என்ன? இந்தச் சாவினால் யாருக்கு நன்மை? ஒரு வழக்கம் பழையது என்பதற்காகவே உயிரைக் கொடுக்க வேண்டுமா? விவாதக் குறிப்புகள் பிரெக்டிடம் சென்றன. அவர் பனுவலைத் திருத்தினார். புதிய ‘ஆம் சொல்பவ’னில் பயணத்தின் நோக்கம் கொள்ளைநோய் பரவிய நகருக்கு மருந்து கொண்டுவருவது, ஒருவனுக்காகத் திரும்பினால் பலர் சாவார்கள் என்பதால் சம்மதத்துக்குக் காரணம் கிடைக்கிறது. பழைய கதை ‘இல்லை சொல்பவன்’ என்ற தனி நாடகமானது. அதில் சிறுவன் மறுக்கிறான். ஒவ்வொரு புதிய சூழலிலும் புதிதாகச் சிந்திக்கும் வழக்கம் வேண்டும் என்கிறான். 1931இல் இரண்டையும், மாணவரின் கருத்துகளையும் ஒரே தொகுதியில் பிரெக்ட் அச்சிட்டார். கூடுமானவரை ஒன்றில்லாமல் மற்றதை நடிக்கலாகாது என்ற குறிப்பும் அதில் உண்டு. மாணவரின் ஆட்சேபத்தைக் கேட்டுத் தலையசைத்த நாடகாசிரியர்கள் பலர் இருக்கலாம். அதைத் தன் நூலிலேயே அச்சேற்றியது வேறு வகைத் துணிச்சல்.

நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் எல்லாம் அறுந்தது. கார்சன் பதவி நீக்கப்பட்டு நாட்டைவிட்டு வெளியேறினார். லோவென்ஸ்டைன் 1939இல் பாரிசில் மறைந்தார். முதியவரான ஹெர்மன் 1942இல் தெரேசியன்ஸ்டாட் முகாமில் இறந்தார். போருக்குப் பின் 1948இல் நொய்கெல்னின் பிரிட்ஸ் பகுதியில், இன்று மயூரபதி முருகன் கோயிலால் நம்மவர் அறிந்த அதே பிரிட்ஸில், ஒரு பொதுப்பள்ளி உருவாயிற்று. அது இன்று கார்சன் பெயரைத் தாங்குகிறது.

மாணவரை உடன்படைப்பாளியாகக் கொள்ளும் முறைக்கு நம்மிடமும் ஒரு வரலாறு உண்டு. 1978இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் நிறுவிய நாடக அரங்கக் கல்லூரி, களப்பயிற்சி வழியாகவே நடிகரை உருவாக்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் 1985இல் மேடையேற்றிய அவரது ‘மண் சுமந்த மேனியர்’ அந்தப் பயிற்சி மரபோடு சேர்த்தே வாசிக்கப்பட வேண்டியது. நொய்கெல்னிலிருந்து வந்த செல்வாக்கு என்று இதைச் சொல்லவில்லை. நெருக்கடியில் வாழும் சமூகங்கள் நாடகத்தை வெறும் மனப்பாடமாக வைத்திருக்க முடிவதில்லை என்று மட்டும் சொல்லலாம்.

இரு நாடகங்களையும் சேர்த்தே நடிக்க வேண்டும் என்ற பிரெக்டின் நிபந்தனை மேடையில் பெரிதாகப் பின்பற்றப்படவில்லை. ‘இல்லை சொல்பவ’னுக்கு வைல் இசையமைக்கவே இல்லை. அதனால் பள்ளிகளும் இசையரங்குகளும் ‘ஆம் சொல்பவ’னைத் தனியாகவே பாடி முடித்துவிடுகின்றன, மாணவர் கேட்டு வாங்கிய பாதி நூலிலேயே தங்கிவிடுகிறது.