சிதேக்கியா: பயந்தே ஆண்ட ராஜா

யூதாவின் கடைசி ராஜா சிதேக்கியாவைக் "கெட்ட ராஜா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கென்னவோ பயந்த ராஜா என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, மூன்றே மாதம் ஆண்ட யோயாக்கீனைப் பாபிலோனுக்குக் கொண்டுபோனார். (இவருடைய அப்பா யோயாக்கீம். குழம்பாமலிருக்க நான் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் படித்தேன்!) யோயாக்கீனின் சித்தப்பா மத்தனியாவுக்கு சிதேக்கியா என்று பெயர் மாற்றி அரியணையில் உட்கார வைத்தார். வயது 21. பெயரே அடுத்தவன் வைத்தது. போதாததற்கு, பாபிலோனில் கிடைத்த கி.மு. 592-ஆம் வருடத்துக் களிமண் பலகை ஒன்றில் யோயாக்கீனுக்கு எண்ணெய் அளந்த கணக்கு இருக்கிறது. அதில் ராஜா என்று எழுதியிருப்பது யோயாக்கீனைத்தான்!

எகிப்தை நம்பி சிதேக்கியா கலகம் செய்ய, பாபிலோன் படை நகரை வளைத்தது. எகிப்தியர் வந்ததும் விலகிய படை, மறுபடி திரும்பியது. முற்றுகை மொத்தம் ஒன்றரை வருடம். சரணடையச் சொன்ன எரேமியாவைக் கொல்ல வேண்டும் என்றார்கள் பிரபுக்கள். உங்களை மீறி என்னால் ஒன்றும் செய்யமுடியாது என்றார் ராஜா! சேறு நிறைந்த குழியில் தள்ளினார்கள். எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியர் வந்து முறையிட்டதும், தூக்கிவிடச் சொன்னவரும் இதே ராஜாதான்.

பிறகு எரேமியாவை ரகசியமாக வரவழைத்துக் கேட்கிறார். சரணடைந்தால் நீரும் பிழைப்பீர், நகரமும் எரியாது என்பது பதில். ஏற்கெனவே பாபிலோன் பக்கம் போய்விட்ட யூதர்கள் என்னைக் கேலி செய்வார்களே என்கிறார் ராஜா. இந்தப் பேச்சு வெளியே தெரியக்கூடாது என்றும் சொல்லி அனுப்புகிறார். தனியறையில் தலையாட்டிவிட்டு மீட்டிங்கில் வாயே திறக்காத மேலாளர்களை நாம் பார்த்ததில்லையா என்ன? ஆனால் இங்கே பணயம் ஒரு நகரம்.

மதில் உடைந்த அன்றிரவு தப்பியோடியவரை எரிகோ சமவெளியில் பிடித்து ரிப்லாவுக்குக் கொண்டுபோனார்கள். கண்ணெதிரே மகன்களை வெட்டிவிட்டு, பிறகு அந்தக் கண்களையும் பிடுங்கினார்கள். வெண்கல விலங்கோடு பாபிலோன் போனவர் சாகும்வரை சிறையில்தான் இருந்தார். மறு மாதமே எருசலேம் எரிந்தது.

சண்டையே போடாமல் சரணடைந்த யோயாக்கீன்? சிறைப்பட்ட 37-ஆம் வருடம் விடுதலையாகி, கடைசிவரை பாபிலோன் ராஜாவின் பந்தியில் சாப்பிட்டார்.